ஆள் வரலாம், குடும்பம் வரக்கூடாது: சீனாவின் ஹூகோ பதிவும் வட்டாரப் பொருளாதாரமும் (விவாத இழை)

#1 நூல்கண்டு

2011 முதல் 2015 வரை தென்சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில், தொங்குவான் நகரத்தில் இருந்தேன். ஹாங்காங் பையிங் ஹவுஸ் (ஆடைக் கொள்முதல் நிறுவனம்) ஒன்றுக்குத் தரம் பார்க்கும் கியூசி வேலை. காலையில் ஏதாவது ஒரு தையல் பேக்டரிக்குள் போனால் இரவு எட்டு, ஒன்பதுக்குத்தான் வெளியே வருவேன். அதில் ஒரு பேக்டரியில் மூன்றாவது லைனுக்கு ஒரு பெண் சூப்பர்வைசர். எல்லாரும் அவரை 'தா ஜியே' என்று கூப்பிடுவார்கள். பெரியக்கா என்று அர்த்தம். ஹெனான் மாகாணம், ஷின்யாங் பக்கத்துக் கிராமம். பதினாறு வயதில் ரயிலேறி வந்தவருக்கு நான் பழகிய காலத்தில் முப்பத்தாறு வயது. இருபது வருடம் தொங்குவானிலேயே உழைத்திருக்கிறார். காகிதத்தில் மட்டும் அவர் அந்த ஊர்க்காரர் இல்லை.

மாலை ஐந்தரைக்குச் சாப்பாட்டு இடைவேளை. மற்றவர்கள் கேண்டீனுக்கு ஓடுவார்கள். இவர் ஒரு நூல் கோனில் போனைச் சாய்த்து வைத்து, ஊரில் பாட்டியோடு இருக்கும் மகனைக் கூப்பிடுவார். பையன் ஆறாம் வகுப்பு. அன்றைய பாடத்து எழுத்துகளை இவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவன் அங்கே நோட்டில் எழுதிப் பக்கத்தைக் கேமராவுக்கு நேரே பிடிப்பான். ஒரு கோடு தப்பியிருந்தாலும் இவர் காற்றில் விரலால் எழுதிக் காட்டுவார். இருபது நிமிடம் போனதும் மணி அடித்துவிடும். பாதி நாள் சாப்பிடாமலேயே லைனுக்குத் திரும்புவார்.

பையனைக் கூடவே வைத்துக்கொள்ளக் கூடாதா என்று ஒருநாள் கேட்டேன். பையிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்து விரித்தார். ஹூகோ (அரசுக் குடிப்பதிவு) புத்தகத்தின் நகல். நம் குடும்ப அட்டை போல வீட்டுக்கு ஒன்று, ஆளுக்கு ஒரு பக்கம். முதல் பக்கத்தில் 'விவசாயக் குடும்பம்' என்று இருந்தது. அசல் புத்தகம் ஊரில் மாமியாரின் பெட்டியில். அந்த ஒரு வரியால் தொங்குவான் அரசுப் பள்ளியில் பையனுக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. காசு கட்டித் தனியார் பள்ளியில் சேர்த்தாலும், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை அவன் ஹெனானில்தான் எழுதியாக வேண்டும். வெளி மாகாணத் தொழிலாளர்களின் பிள்ளைகள் குவாங்டோங்கிலேயே அதை எழுத 2016-ல்தான் வழி திறந்தது, அதுவும் பல நிபந்தனைகளோடு. "எப்படியும் திரும்பிப் போகவேண்டியவன். முதலிலிருந்தே அங்கே படிக்கட்டும்" என்றார்.

அன்றிலிருந்து இது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு மனிதரின் உழைக்கும் வயது கடற்கரை மாகாணத்துக்குப் போய்விடுகிறது. வளர்க்கும் செலவும் வயதான காலத்துச் செலவும் உள் மாகாணத்தின் தலையில் விழுகின்றன. குவாங்டோங் எழுந்ததற்கும் ஹெனான் பின்தங்கியதற்கும் இந்தக் கணக்குப் பிரிப்பு எவ்வளவு தூரம் காரணம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சேலத்துச் செல்வி

நல்ல இழை, நன்றி. ஒரு அடிப்படைச் சந்தேகம். நகரத்துக்குப் போகவே விடமாட்டார்கள் என்றுதான் ஹூகோவைப் பற்றிப் படித்திருக்கிறேன். 2020 கணக்கெடுப்பிலோ பதிவூரை விட்டு வெளியூரில் வாழ்பவர்கள் 37 கோடிக்கும் மேல் என்று இருக்கிறது. அவ்வளவு பேர் நகர்ந்த பிறகு கட்டுப்பாடு என்று சொல்வதற்கு என்ன மிச்சம்?

#3 பொருளியல் வாத்தியார்

செல்வி, இரண்டும் உண்மைதான். காலம்தான் வேறு.

1954 அரசியல் சட்டம் விரும்பிய இடத்தில் குடியிருக்கும் உரிமையைக் கொடுத்திருந்தது. நான்கே ஆண்டில், 1958 ஜனவரி 9 அன்று குடிப்பதிவு விதிமுறை வந்தது. 1975-ல் எழுதிய புதிய அரசியல் சட்டத்தில் அந்த உரிமையையே காணோம். ஏன் இப்படி என்று புரிய 1953-க்குப் போகவேண்டும். அந்த ஆண்டு தானியக் கொள்முதல் முழுவதையும் அரசு தன் கையில் எடுத்தது. கிராமத்தில் குறைந்த விலைக்கு வாங்கி, நகரத்தில் குறைந்த விலைக்கு ரேஷன் கொடுத்தால், ஆலைக் கூலியையும் குறைத்து வைக்கலாம். மிச்சப்படும் பணம் எஃகுக்கும் இயந்திரத்துக்கும் போகும். சோவியத் வழியில் கனரகத் தொழிலை வளர்க்க அவர்கள் கண்ட வழி இது.

இதில் ஒரு ஓட்டை. விளைவிப்பவனுக்கு விலை இல்லை, நகரத்தில் இருப்பவனுக்கு ரேஷன் உண்டு என்றால் யார் கிராமத்தில் இருப்பார்கள்? அந்த ஓட்டையை அடைக்கத்தான் ஹூகோ. நாட்டு மக்கள் எல்லாரும் விவசாயம், விவசாயம் அல்லாதது என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். தானியக் கூப்பன் இரண்டாவது வகைக்குத்தான். கூப்பன் இல்லாமல் நகரத்துக்குப் போனால் ஒரு கிண்ணம் நூடுல்ஸ்கூட வாங்க முடியாது. வாசலில் போலீஸ் நிற்கவே வேண்டாம், பசியே திருப்பி அனுப்பிவிடும். 1959 முதல் 1961 வரையிலான பஞ்சத்தில் செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தானியம் விளைவித்த கிராமத்து மக்கள் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். பஞ்சத்தை ஒட்டி நகரங்களிலிருந்து சுமார் 2 கோடிப் பேரைக் கிராமங்களுக்குத் திருப்பியும் அனுப்பினார்கள், நகரத்துக்குச் சோறு போட முடியவில்லை என்பதால்.

வகை பிறப்போடு வரும், அதுவும் தாய்வழியாக. அப்பா நகரத்து ஆலையில் வேலை பார்த்தாலும் அம்மா கிராமம் என்றால் பிள்ளையும் கிராமம். 1998-ல்தான் இதைத் தளர்த்தினார்கள்.

80-களில் சந்தை திறந்தது, உணவு காசுக்குக் கிடைத்தது, ஆட்கள் கிளம்பினார்கள். 1985-ல் தற்காலிகக் குடியிருப்புச் சீட்டு வந்தது. கூப்பனும் 1993 வாக்கில் மறைந்தது. அதோடு பயணத் தடை போனது என்று சொல்லலாம். பள்ளி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், அரசு வீடு எல்லாம் பதிவோடு ஒட்டிக்கொண்டே இருந்தன. நீங்கள் கேட்கும் மிச்சம் அதுதான்.

#4 தாமிரபரணி

மாற்றுக் கருத்து ஒன்று வைக்கிறேன், கோபப்பட வேண்டாம்.

மும்பையையும் லாகோஸையும் பாருங்கள். கட்டுப்பாடே இல்லாமல் மக்கள் வந்து குவிந்தால் சாக்கடை ஓரத்துக் குடிசையில்தான் முடிகிறது. சீனா முப்பது வருடத்தில் அவ்வளவு பேரை ஆலைக்குள் இழுத்தும் தாராவி மாதிரி ஒன்று எழவில்லை. வேலை போனால் திரும்பிப் போக ஒரு துண்டு நிலம் இருந்தது. 2008 நெருக்கடியில் ஏற்றுமதி விழுந்தபோது சுமார் 2 கோடித் தொழிலாளர்கள் வேலை இழந்து ஊர் திரும்பினார்கள் என்று அவர்களுடைய அதிகாரியே 2009 தொடக்கத்தில் சொன்னார். வேறு நாடாக இருந்தால் தெருவில் ரத்தம் ஓடியிருக்கும். நிலமும் ஹூகோவும்தான் அந்த அதிர்ச்சியைத் தாங்கின. உள் மாகாணங்களுக்கும் வருடா வருடம் பணம் வந்தது. போய் வர ஒரு ஒழுங்கு இருந்ததை முழுக்கக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

#5 முத்துநதிக் கரை

தாமிரபரணி அண்ணே, நிலத்தைப் பற்றிச் சொன்னது சரி. குடிசை இல்லை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பதினோரு வருடமாகக் குவாங்டோங்கின் தலைநகரான குவாங்சோவில் துணி வியாபாரம் செய்கிறேன். இங்கே 'நகரத்துக்குள் கிராமம்' என்று ஒரு வகைப் பகுதி உண்டு. பழைய கிராமத்தின் வயல்களை எடுத்துக்கொண்டு நகரம் சுற்றி வளர்ந்துவிட்டது. வீட்டுமனை மட்டும் கிராமத்தார் கையில் நின்றது. அவர்கள் ஏழெட்டு மாடி எழுப்பி அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். கட்டடங்களுக்கு இங்கே வழங்கும் பேரே 'கைகுலுக்கும் கட்டடம்'. இந்த வீட்டு ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் எதிர்வீட்டுக்காரர் கையைக் குலுக்கலாம். நண்பகலிலும் கீழ்மாடியில் ட்யூப்லைட் எரிய வேண்டும். தையல் வேலைக்கு வருபவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். மீதிப்பேர் ஆலை டார்மிட்டரியில், ஒரு அறைக்கு எட்டு கட்டில், பன்னிரண்டு கட்டில் என்று. கட்டிலைச் சுற்றித் திரை போட்டுக்கொண்டால் அதுதான் வீடு. குடிசை கண்ணில் படாததற்குக் காரணம், குடும்பம் வராததுதான். ஒண்டியாக வந்தவருக்கு ஒரு கட்டில் போதும்.

அந்த 'ஒழுங்கு' எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2003 மார்ச்சில் சுன் ஸிகாங் என்ற 27 வயது இளைஞர், ஹூபே மாகாணத்துக்காரர், பட்டதாரி, இதே குவாங்சோவில் ஆடை வடிவமைப்பு வேலைக்கு வந்தவர். இரவில் வெளியே போனபோது தற்காலிகச் சீட்டு கையில் இல்லை என்று பிடித்தார்கள். மூன்றாம் நாள், பிடிபட்டவர்களை வைக்கும் இடத்தில் அடிபட்டு இறந்தார். சீட்டு இல்லாதவர்களைப் பிடித்து வைத்துச் சொந்த ஊருக்கு அனுப்பும் முறை அப்போது சட்டப்படியே இருந்தது. அவர் சாவுக்கு நாடே கொதித்தது, சட்ட அறிஞர்கள் மனுக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் அந்த முறையை எடுத்தார்கள். அதுவரை எத்தனை பேர் சாயங்காலம் ஆனால் தெருவுக்கு வரவே பயந்து டார்மிட்டரியில் கிடந்திருப்பார்கள்.

ஷென்ஜெனில் இன்னொன்று. சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கும் சீனாவின் மற்ற பகுதிக்கும் நடுவே 80 கிலோமீட்டருக்கும் அதிக நீளத்துக்கு வேலி. 'இரண்டாம் கோடு' என்பார்கள். ஹாங்காங் எல்லை முதல் கோடு. வெளியூர்ச் சீனர் தன் சொந்த நாட்டு நகரத்துக்குள் போக எல்லைச் சீட்டு வாங்க வேண்டும். அதனால் என்ன ஆனது? சீட்டு எளிதில் வாங்க முடிந்த அலுவலக வேலைகள் வேலிக்குள்ளே போயின. ஆயிரக்கணக்கில் ஆட்கள் தேவைப்பட்ட ஆலைகள் வேலிக்கு வெளியே பாவோஆன், லோங்காங் பக்கமும் தொங்குவானிலும் முளைத்தன. உள்ளே ஒரு வாடகை, வெளியே ஒரு வாடகை. வேலியைச் சட்டப்படி ரத்து செய்தது 2018-ல். இன்றும் அந்த நகரத்தின் வரைபடத்தில் அது ஓடிய தடம் தெரிகிறது. வட்டாரப் பொருளாதாரத்தைக் கட்டுப்பாடு எப்படிச் செதுக்கும் என்பதற்கு என் கண்முன்னே இருக்கும் சாட்சி அது.

#6 தாமிரபரணி

கைகுலுக்கும் கட்டடம் எனக்குப் புதுச் செய்தி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிலம் பற்றிச் சொன்னது நிற்கிறது என்றே நினைக்கிறேன்.

#7 பொருளியல் வாத்தியார்

நிற்கட்டும், அதற்கு வருகிறேன். முதலில் நூல்கண்டு கேட்ட கணக்கு.

80-களில் அரசு சொன்ன வாசகம் 'நிலத்தை விடு, ஊரை விடாதே'. விவசாயத்தை விட்டுவிட்டு ஊரிலேயே ஆலை வை என்று அர்த்தம். நகரக் கதவு மூடியிருந்ததால் மூலதனம் ஆளைத் தேடிக் கிராமத்துக்குப் போனது. ஷாங்காய்க்கு அருகே வூசி, சுசோவ் பக்கத்துக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்தே ஆலை நடத்தியது. ஷாங்காய் அரசு ஆலைகளின் எஞ்சினியர்கள் விடுமுறை நாளில் அங்கே போய் இயந்திரம் பூட்டிக் கொடுத்துவிட்டு வருவார்கள். 'ஞாயிற்றுக்கிழமை எஞ்சினியர்' என்றே அவர்களுக்குப் பெயர். வென்சோவ் அருகே சியாவ்தோவ் என்ற சிறு ஊர் பொத்தானுக்கே பேர்போனது. 1996-ல் இப்படிப்பட்ட கிராம, சிற்றூர் ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் சுமார் 13.5 கோடி. இந்த ஒன்றை மட்டும் ஹூகோவின் நல்ல பக்கம் என்று சிலர் சொல்வார்கள். நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். துறைமுகமும் பெரிய நகரமும் கூப்பிடு தூரத்தில் இருந்த கடற்கரைக் கிராமங்களில்தான் அது பெரிய அளவில் நடந்தது. வடமேற்கே உள்ளடங்கிய கான்சு மாகாணத்து மலைக் கிராமத்துக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை எஞ்சினியர் போவார்? ஆக, ஆட்கள் நகரக்கூடாது என்ற விதியின் லாபம்கூடக் கடற்கரையிலேயே தங்கிவிட்டது.

அப்புறம் ஆட்கள் கடற்கரைக்கு வந்த காலம். ஒரு நகராட்சி எத்தனை பள்ளி, எத்தனை ஆசிரியர், எத்தனை மருத்துவமனைப் படுக்கை என்று திட்டமிடுவது பதிவு மக்கள்தொகையை வைத்து. தொங்குவானில் 2020-ல் இருந்தவர்கள் 1 கோடியே 4 லட்சத்துக்கு மேல். அங்கே பதிவு உள்ளவர்கள் 30 லட்சம்கூட இல்லை. ஒரு கோடிப் பேர் உழைத்து வரி வருகிறது, 30 லட்சம் பேருக்குப் பள்ளி கட்டினால் போதும். எந்த மேயருக்கு இது கசக்கும்? மிச்சம் சாலையாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியது. அதைப் பார்த்து இன்னும் ஆலைகள் வந்தன.

ஓய்வூதியத்தில் இன்னும் கூர்மையாகத் தெரியும். தொழிலாளியும் முதலாளியும் நகரத்தின் நிதிக்குப் பணம் கட்டுகிறார்கள். 2010 வரை மாகாணம் விட்டு மாகாணம் அதை மாற்றிக்கொள்ள ஒழுங்கான வழி இல்லை. அதனால் ஊருக்குத் திரும்புகிறவர்கள், தாங்கள் கட்டிய சொந்தப் பங்கை மட்டும் வாங்கிக்கொண்டு கணக்கை முடித்தார்கள். புத்தாண்டுக்கு முன்னால் ஷென்ஜெனிலும் தொங்குவானிலும் இதற்காகவே நீண்ட வரிசை நிற்கும். முதலாளி கட்டிய பெரிய பங்கு அந்த நகரத்தின் நிதியிலேயே தங்கிவிடும். ஹெனான் ஆள் பத்து வருடம் உழைத்துச் சேர்த்த ஓய்வூதியத்தின் பெரும்பகுதி குவாங்டோங் முதியவருக்குப் போனது என்று நேரடியாகவே சொல்லலாம். 2010-க்குப் பிறகு மாற்றலாம், அப்போதும் முதலாளியின் பங்கில் ஒரு பகுதிதான் கூடவே போகிறது.

ஊரில் அவருக்காகக் காத்திருப்பது என்ன? கிராமத்து முதியோருக்கான அடிப்படை ஓய்வூதியம். நாடு முழுவதற்குமான குறைந்தபட்சத் தொகை 2024-ல் மாதம் 123 யுவான். நகரத்தில் ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்குச் சராசரியாக 3,000 யுவானுக்கு மேல்.

நுகர்வையும் இதோடு சேர்க்க வேண்டும். நாளைக்குத் திரும்பிப் போகிறவர் இங்கே கட்டில் மெத்தைகூட வாங்க மாட்டார். மருத்துவத்துக்கும் முதுமைக்கும் தானே சேர்க்க வேண்டியவர் செலவு செய்யவும் மாட்டார். சீனாவில் குடும்பங்களின் நுகர்வு மொத்த உற்பத்தியில் 40 சதவீதத்தை ஒட்டியே நிற்பதற்குப் பல காரணங்களில் இதுவும் ஒன்று. உள்ளூரில் விற்காததை ஏற்றுமதி செய்தாக வேண்டும், ஏற்றுமதிக்குத் துறைமுகம் வேண்டும், மறுபடி கடற்கரைதான்.

#8 மேகாங் கரையோரம்

வியட்நாமிலிருந்து ஒரு குறிப்பு. 2025-ல் ஹோ சி மின் நகரத்தோடு இணைக்கப்பட்ட பழைய பின் யோங் மாகாணப் பகுதியில் மரச்சாமான் பேக்டரியில் கணக்கு வேலை பார்க்கிறேன். இந்த நாட்டிலும் அதே முறை, 60-களில் வடக்கில் ஆரம்பித்தது, பெயரும் அதே சொல்லின் வேறு உச்சரிப்பு: ஹோ கௌ. KT1 முதல் KT4 வரை நான்கு தரம் வைத்திருந்தார்கள். மேகாங் படுகையிலிருந்து வேலைக்கு வருகிறவர் பெரும்பாலும் கடைசித் தரம். பிள்ளைக்குப் பள்ளி கேட்டால் முதல் தரத்துக்காரருக்குக் கொடுத்துவிட்டு மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்பார்கள். மின்சாரக் கட்டணம்கூட வீட்டுக்காரர் வழியாகக் கூடுதலாகத்தான் வந்து விழும்.

2023 தொடக்கத்தோடு காகிதப் புத்தகம் செல்லாது, எல்லாம் டிஜிட்டல் பதிவு என்று ஆகிவிட்டது. இப்போது குடியிருக்கும் இடத்தில் பதிவு செய்வது முன்பைவிட எளிது. எங்கள் ஆலைக்காரர்களில் இரண்டு பேர் பிள்ளைகளை இங்கேயே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலை வாசலில் சின்ன சைக்கிள்களைப் பார்க்கிறேன். முன்பு அந்தக் காட்சி இல்லை.



#9 பனியன் ஊர்

திருப்பூரிலிருந்து. படிக்கப் படிக்க எங்கள் ஊர் ஹாஸ்டல்கள்தான் நினைவுக்கு வருகின்றன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஒரு அறைக்கு எட்டுப் பேர். குடும்பம் ஊரில். நம் நாட்டில் எங்கும் போகலாம், எங்கும் குடியிருக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவே சொல்கிறது. அப்படியும் ரேஷன் அட்டை ஊரோடு கட்டப்பட்டிருந்தது. தமிழ்நாடு 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் சேர்ந்த பிறகுதான் வெளிமாநில அட்டைக்கும் இங்கே அரிசி, கோதுமை கொடுக்கிறார்கள். சட்டம் தடுக்காத இடத்திலும் வசதிகள் ஊரோடு கட்டிக்கிடந்தால் கதை பாதி ஒன்றாகிவிடுகிறது, இல்லையா?

#10 நூல்கண்டு

பனியன் ஊர், பாதி ஒன்றுதான். மறுபாதி முக்கியம். பீகார்க்காரர் திருப்பூரில் பிள்ளையைச் சேர்க்கப் போனால் மொழி இடிக்கும், வாடகை இடிக்கும், ஆனால் 'நீ இந்த ஊர் இல்லை' என்று பள்ளி சட்டப்படி கதவைச் சாத்த முடியாது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை இங்கேயே எழுதலாம். தா ஜியேக்கு அந்தக் கதவே இல்லை. நம் ஊரில் செய்யவேண்டியதை நாம் செய்யாமல் இருக்கிறோம், அங்கே செய்யக்கூடாது என்றே விதி வைத்திருந்தார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் அவர்கள் பட்டது சிறிதாகத் தெரிந்துவிடும்.

#11 சேலத்துச் செல்வி

தேர்வு விஷயம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எங்கே எழுதினால் என்ன? கேள்வித்தாள் கடினம் என்பதாலா?

#12 முத்துநதிக் கரை

இடங்கள்தான் காரணம், செல்வி. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மாகாணவாரியாக இத்தனை இடம் என்று ஒதுக்கும். ஹெனானில் ஆண்டுக்கு 10 லட்சம் பேருக்கு மேல் எழுதுகிறார்கள். பெய்ஜிங்கில் ஒரு லட்சத்தைத் தொடாது. பேர்பெற்ற பெய்ஜிங் பல்கலைக்கழகம், சிங்ஹுவா பல்கலைக்கழகம் இரண்டும் பெய்ஜிங்கில்தான் இருக்கின்றன, தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தலைக்கு அதிக இடம் வைக்கின்றன. ஒரே மதிப்பெண், ஒரு பதிவுக்கு இடம் உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. படித்த பிள்ளை பெருநகரத்துக்குப் போய்விடுகிறது, ஹெனான் மறுபடி வளர்த்துக் கொடுத்ததோடு நிற்கிறது.

2017 நவம்பரில் பெய்ஜிங்கின் தெற்கே தாசிங்கில் ஒரு கட்டடம் தீப்பிடித்து 19 பேர் இறந்தார்கள். எல்லாரும் இந்த மாதிரி நெருக்கடி அறைகளில் இருந்தவர்கள். பாதுகாப்பு என்ற பெயரில் நகரம் அப்படிப்பட்ட கட்டடங்களைக் காலி செய்ய ஆரம்பித்தது. உறைபனிக் குளிரில் ஒரு நாள், இரண்டு நாள் அவகாசத்தில் மூட்டையோடு தெருவில் நின்றார்கள். அடுத்த வாரமே கூரியர் தாமதம், காய்கறி கொண்டுவர ஆள் இல்லை, வீட்டு வேலைக்கு ஆள் இல்லை. அந்த நகரம் யார் தோளில் நின்றது என்று அந்த ஒரு வாரம் காட்டியது.

#13 பொருளியல் வாத்தியார்

தாமிரபரணி சொன்ன நிலத்துக்கு வருகிறேன்.

நிலம் ஒரு பாதுகாப்பு, அதில் சந்தேகமே இல்லை. 2009-ல் அது உண்மையில் தாங்கியது. ஆனால் நெருக்கடியின் செலவை யார் தாங்கினார்கள் என்று கேளுங்கள். லாபம் வந்த வருடங்களில் வரி வாங்கிய நகரம் வேலையில்லாக் காலத்தில் ஒரு யுவான்கூடக் கொடுக்கவில்லை. ஊரில் அம்மா அப்பாவின் அரை ஏக்கர்தான் சோறு போட்டது.

அந்த நிலத்தை விற்கவும் முடியாது. கிராமத்தின் கூட்டுச் சொத்து அது. உழும் உரிமை குடும்பத்துக்கு, வீட்டுமனை உரிமை குடும்பத்துக்கு. நகரப் பதிவுக்கு மாறினால் இவை என்னாகுமோ என்ற பயம் எப்போதும் உண்டு. 2014-ல் விவசாயம், விவசாயம் அல்லாதது என்ற பிரிவையே எடுத்துவிடுவதாக அறிவித்தார்கள், 2020-க்குள் 10 கோடிப் பேருக்கு நகரப் பதிவு என்றார்கள். 2019-லிருந்து 30 லட்சத்துக்குக் குறைவான மக்கள் உள்ள நகரங்கள் தடையை நீக்கவேண்டும் என்றும் சொன்னார்கள். எளிதாகக் கிடைக்கும் சின்ன நகரத்தில் வேலை இல்லை. வேலை இருக்கும் பெய்ஜிங், ஷாங்காய் பதிவு வேண்டுமென்றால் மதிப்பெண் முறை: பட்டம், காப்பீடு கட்டிய ஆண்டு, வருமான வரி என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. லைனில் நிற்பவருக்கு அந்தப் புள்ளி என்றைக்கும் சேராது. 2020-ல் நகரத்தில் வாழ்ந்தவர்கள் 63.89 சதவீதம், நகரப் பதிவு உள்ளவர்கள் 45.4 சதவீதம். இடையில் இருக்கும் 18 சதவீதம் என்றால் 25 கோடிக்கும் மேற்பட்ட மனிதர்கள்.

அப்படியும் வரைபடம் மெல்ல மாறுகிறது. 2004-லேயே குவாங்டோங்கின் முத்துநதிப் படுகை ஆலைகளுக்கு ஆள் பற்றாக்குறை. கட்டிலும் திரையும் கொடுத்து அந்தக் கூலிக்கு இனி ஆள் வரவில்லை. கூலி ஏறியதும் ஆலைகளே ஆளைத் தேடி உள்ளே போயின. 2010-ல் ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான், ஹெனான் தலைநகரான செங்சோவில் ஆரம்பித்தது, உச்ச சீசனில் 2 லட்சத்துக்கும் மேல் ஆட்கள். ஹெனான் பெண்கள் ஹெனானிலேயே வேலைக்குப் போகும் நிலை வந்தது. பதிவு வேறு மாவட்டத்தில்தான், ஆனால் ஊர் இப்போது ஒரு ராத்திரி பஸ் தூரம். நகர, கிராம வருமான விகிதம் 2009-ல் 3.3-ஐத் தொட்டது, 2023-ல் 2.39-க்கு இறங்கியிருக்கிறது. இதில் ஹூகோ தளர்வைவிட ஆள் பற்றாக்குறையின் பங்குதான் பெரிது என்பது என் கணிப்பு.

#14 தாமிரபரணி

நன்றி சார். அந்த அரை ஏக்கரைப் பாதுகாப்பு என்று மட்டும் பார்த்திருந்தேன். நகரம் கொடுக்கவேண்டிய பணத்துக்குப் பதிலாக அது நின்றது என்று யோசிக்கவில்லை.

நூல்கண்டு, அந்த அக்கா என்ன ஆனார்?

#15 நூல்கண்டு

தொடர்பில் இருக்கிறார். வீசாட்டில் புத்தாண்டுக்கு எப்போதும் பேசுவோம்.

2016-ல் பையன் மேல்நிலைப் பள்ளிக்குப் போனதும் வேலையை விட்டுவிட்டு ஊர் போனார். கிராமத்துக்குப் போகவில்லை, பள்ளி இருந்த மாவட்டத் தலைநகருக்கு. பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு அறை வாடகைக்கு எடுத்து மூன்று வருடம் சமைத்துப் போட்டார். அந்தத் தெரு முழுக்கவே இப்படி வந்த அம்மாக்கள்தானாம், பாதிப்பேர் குவாங்டோங்கிலும் ஜெஜியாங்கிலும் தைத்துவிட்டுத் திரும்பியவர்கள். அதைப் பார்த்து அங்கே ஒருவர் பதினைந்து மெஷின் போட்டு யூனிட் ஆரம்பித்தார். பள்ளி விடும் நேரத்துக்கு மெஷின் நிற்கும், மறுபடி ராத்திரி எட்டரைக்கு ஓடும். தொங்குவானிலிருந்து வெட்டிய துணி வரும், தைத்து அனுப்புவார்கள். இப்போது தா ஜியேதான் அங்கே சூப்பர்வைசர். தொங்குவானில் வாங்கியதில் பாதிக்கு மேல் சம்பளம். ஓய்வூதியத்துக்கு 15 வருடம் கட்டியிருக்க வேண்டும், அவர் பெயரில் அங்கே கட்டியது ஏழு வருடம்தான். ஆரம்ப வருடங்களில் எந்த ஆலையும் கட்டவே இல்லை.

பையன் 2019-ல் தேர்வு எழுதி செங்சோவில் எஞ்சினியரிங் சேர்ந்தான். முடித்ததும் ஷென்ஜெனில் வேலை. பட்டம் இருந்ததால் விண்ணப்பித்த சில வாரங்களில் ஷென்ஜென் ஹூகோ கிடைத்துவிட்டது.

சென்ற வருடம் அக்கா ஒரு படம் அனுப்பினார். மாமியார் பெட்டியில் இருந்த அதே பழைய புத்தகம், கரும்சிவப்பு அட்டை ஓரம் தேய்ந்திருக்கிறது. மகனுடைய பக்கத்தில் 'வெளியே பதிவு மாற்றப்பட்டது' என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். படத்தின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல், ஊசி ஏறிய பழைய தழும்போடு. அதற்குக் கீழே பாதி தெரியும் அடுத்த பக்கத்தில் அவருடைய பெயர், அதே கிராமம்.